வாகீசனிடம் கொடுத்து வைத்த போத்தல்

போர்பன் விஸ்கி வாங்கும்போது போத்தலின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. யார் வடித்தது, எத்தனை வருடம் பீப்பாயில் கிடந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நான் வாங்கியது கென்டக்கியில் ஒரு சிறிய குடும்பம் வடித்தது. உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் பன்னிரண்டு வருடம். கொள்ளுப்பாட்டன் எழுதி வைத்த சோளக் கலவை. வரிச் சண்டையால் இங்கே ஒன்ராறியோக் கடைகளில் அமெரிக்க மதுவை எடுத்துவிட்டிருந்த காலம் அது. அதனால் எல்லைக்கு அப்பால் பஃபலோ வரை கார் ஓட்டிப் போனேன். திரும்பும்போது எல்லையில் மறைக்காமல் சொல்லித் தீர்வையும் கட்டினேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

போத்தல் வாகீசனுக்காக.

வாகீசன் என் நண்பன், என்னை விட எட்டு வயது இளையவன். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு. மனைவி தனுஷிகா, மகள் அட்சயா. ஒரு காலத்தில் கலியாண மண்டபங்களில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பான். தனுஷிகா எனக்குத்தான் போன் எடுப்பாள். "கிளிபோட் அண்ணை, ஒருக்கா வாறீங்களோ?" நான் நகரத்துக்குள் வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருப்பவன். உடனே போவேன். அவனைத் தூக்கி வருவேன், அட்சயாவை நீச்சல் வகுப்புக்கு ஏற்றி இறக்குவேன், வாசலில் பனி அள்ளுவேன். பிறகு அவர்களோடு இருந்து சாப்பிடுவேன்.

ஈரல் கெட்டபோது மருத்துவரிடம் கூட்டிப் போனதும் நானே. இனிக் குடித்தால் ஆள் தப்பாது என்று அவர் சொன்னபோது பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாகீசன் அன்றோடு விட்டான். ஐந்து வருடம் தொடவில்லை.

அந்த ஐந்து வருடத்தில் போன் வருவது குறைந்துகொண்டே போனது. அவனே கார் ஓட்டினான், அவனே பனி அள்ளினான். கடைசிக் கிறிஸ்மஸுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படம் மட்டும் வந்தது. அவர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. என்னால் ஆகவேண்டியது எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். தனுஷிகா வேலைக்குப் போயிருந்தாள். போத்தலைக் கண்டதும் வாகீசன் கையைப் பின்னுக்கு எடுத்தான்.

"உதை ஏன் அண்ணை இங்கை கொண்டு வந்தனீங்கள்?"

"குடிக்க இல்லை. என்ர அப்பார்ட்மென்ட்டிலை சரியான வெக்கை. உன்ர பேஸ்மென்ட்டிலை கொஞ்ச நாள் வைச்சிரு."

"வேறை ஆரிட்டையும் குடுங்கோவன்."

"உன்னை நம்பிற மாதிரி நான் வேறை ஆரை நம்புறது?"

அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிறகு நான் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொன்னேன். மதுவிலக்குக் காலத்தில் வடிசாலை மூடியது, பேரன் திரும்பத் திறந்தது, கோடையில் விஸ்கி மரத்துக்குள் ஊறிக் குளிரில் வெளியே வருவது, வருடா வருடம் ஒரு பங்கு காற்றோடு போவது. அவசரப்படாமல் சொன்னேன். முடிவில் மூடியைத் திறந்து நீட்டினேன்.

"மணந்து மட்டும் பார். மணத்திலை என்ன கிடக்கு."

கண்ணை மூடி முகர்ந்தான். பிறகு இன்னொரு தரம் முகர்ந்தான். மூடியை இறுக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

பதினெட்டாம் நாள் தனுஷிகா அழைத்தாள். "அண்ணை, இவர் திரும்பத் தொடங்கிட்டார். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." 404 நெடுஞ்சாலையில் போகும்போது என் மனம் அவ்வளவு இலேசாக இருந்தது.

அந்தப் போத்தல் முடிந்ததும் மலிவானதை வாங்கினான். நான் மறுபடி அவனைத் தூக்கினேன், குளிப்பாட்டினேன், அவர்கள் மேசையில் சாப்பிட்டேன். பெப்ரவரியில் இரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் நினைவு இருந்த கடைசி நாள் என் கையைப் பிடித்தான்.

"நீங்கள் நம்பித் தந்ததை நான் காப்பாத்தேல்லை அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னித்தேன் என்று சொன்னேன்.

போத்தல் என்னுடையது என்று அவன் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. செத்தவீடு முடிந்து பேஸ்மென்ட்டைத் துப்புரவாக்கிய அட்சயா அதைக் கொண்டுவந்து காட்டினாள். "அங்கிள், அப்பாக்கு இதை ஆர் குடுத்தது?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

நான் கொடுத்தேன். குடிப்பான் என்று தெரிந்து கொடுத்தேன். குடித்தால் சாவான் என்பதும் தெரியும். இதைத் தனுஷிகாவிடம் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் அதற்காகவே போகிறேன். ஆனால் அவளுக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம், அட்சயாவுக்கும் பரீட்சை நடக்கிறது. நான் சொல்லிவிட்டால், பாவம், அவர்களுக்கு உதவிக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?