சுலபமான ஒன்று

கொல்கத்தாவில், காளிகாட்டில் மெட்ரோ ஏறியதும் எனக்குப் பின்னால் தமிழ் கேட்டது.

“நான் நல்லதாப் பார்த்து எடுத்ததுதான் தப்பாப் போச்சு.”

சொன்னவளுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. பக்கத்தில் நின்ற இளையவள், “என்னக்கா ஆச்சு?” என்றாள்.

“டீம்ல யாருக்கு என்ன வேலைன்னு காட்டற சாஃப்ட்வேர் ரொம்பச் சிக்கலா இருக்கு, சுலபமா ஒண்ணு பாருன்னாங்க. பலதையும் போட்டுப் பார்த்து ஒண்ணை எடுத்தேன். எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு.”

“நல்லதுதானே?”

“பழசைப் பார்த்துக்கத்தான் என்னை வச்சிருந்தாங்க. இனிமே அவங்கவங்களே பார்த்துப்பாங்களாம். அடுத்த மாசத்துலேர்ந்து வர வேண்டாம்னுட்டாங்க.”

இளையவள் அவளை ஒட்டி நகர்ந்து நின்றாள்.

“முன்னெல்லாம் ‘தீதி, இது எப்படி’ன்னு மாத்தி மாத்தி வந்து நிப்பாங்க. இப்ப என் சீட்டுப் பக்கம் யாரும் வர்றதில்ல.”

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“எப்படிச் சொல்றது? நான் சொன்னதையே ஆபீஸ்ல எடுத்துக்கிட்டாங்கன்னு அன்னிக்கு சந்தேஷ் ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன். எங்க வீட்டுக்காரர் இன்னும் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் அதைப் பெருமையாச் சொல்லிட்டிருக்கார்.”