பகல் வேளைத் தண்ணீர்

ஆமாம், ரமலான் மாதத்தில் பட்டப்பகலில் தண்ணீர் குடித்தேன். ஒரு தடவை அல்ல. என் கணவர் பார்க்கும்படியாகத்தான் குடித்தேன். புகாரில் அந்த வரி சரி. மற்றவை சரியல்ல.

என் பெயர் சித்தி ஹாஜரா. வயது இருபத்து நான்கு. சீனி முகம்மதுவின் மனைவி. ஜார்ஜ் டவுன், சூலியா தெருவில், எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஆங்கிலப் பள்ளியில் சீனியர் வகுப்பு வரை படித்தேன். ஜப்பான்காரர் வந்த பிறகு கடையில் சோறு இல்லை. அவித்த மரவள்ளிக் கிழங்கும், வறுத்த சோளத்தில் போட்ட காப்பியும்தான். நோன்பு மாதத்தில் மாலையில் மட்டும் திறப்போம். கீழே, கடைக்குப் பின்னால், என் கணவரின் அண்ணன் கமாலுதீன் இருக்கிறார். புகார் கொடுத்தவர் அவர்.

சென்ற வெள்ளிக்கிழமை என் கணவர் ஜும்ஆத் தொழுகையிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தார். வலது விலாவில் குத்தல். இருமினால் துரு நிறத்தில் சளி. அதன் பிறகு டாக்டர் நாகநாதனை அழைத்து வந்தேன். அவர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு நிமோனியா என்றார். சண்டைக்கு முன் வாங்கி வைத்திருந்த சல்ஃபா மாத்திரைகளில் கடைசிப் புட்டியை என் கையில் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"பிள்ளை, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ராவும் பகலும். ஒவ்வொரு முறையும் சோடா உப்புக் கரைச்சு நிறையத் தண்ணி குடுக்கோணும். தப்பினதைச் சேர்த்து விழுங்கப்படாது. காய்ச்சல் விட்டாலும் புட்டி முடியுமட்டும் நிப்பாட்டப்படாது. வேறை ஆருக்கும் பங்கு குடுக்கப்படாது. மூத்திரம் சிவந்தால் உடனே என்னட்ட ஓடி வா. விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. என் கணவருக்கும் விளங்கியது. ஆனால் அவர், "நோன்பு வச்சிருக்கேன் ஹாஜரா, மாத்திரைய அங்க வையி, நோன்பு தொறந்ததும் போட்டுக்கறேன்" என்றார். நோயாளிக்கு விலக்கு உண்டே என்றேன். "அதெல்லாம் கெழவங்களுக்கு. நான் எந்திரிச்சு உக்கார்றேன்லா" என்றார். உட்கார்ந்து காட்டினார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

அதன் பிறகு நான் வற்புறுத்தியதால் பகல் மாத்திரைகளைக் கையில் வாங்கிக்கொண்டார். விழுங்கினார் என்று நினைத்தேன். விழுங்கவில்லை. தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாலையில் நோன்பு திறந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அரைக் கிண்ணம் கஞ்சியோடு இறக்கிவிட்டார். இரண்டு நாள் இப்படி. வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் மூத்திரம் கொஞ்சமாகவே போயிற்று. சிவப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர் ஐயா நிறத்தைத் தெளிவாகச் சொல்லச் சொன்னார். கடுந்தேநீர் நிறம்.

ஓடினேன். டாக்டர் வந்து பார்த்து மாத்திரையை நிறுத்தினார். இந்த மருந்து தண்ணீர் போதாவிட்டால் சிறுநீரகத்தில் மணல்போலப் படிந்து அடைக்கும் என்றும், மூத்திரம் தெளியும்வரை சோடா உப்புத் தண்ணீர் மட்டும் இடைவிடாமல் கொடுக்கவேண்டும் என்றும், தெளியாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். புகாரில் நான் நஞ்சு கொடுத்ததாக இருக்கிறது. நஞ்சு என்று ஒன்று இருந்தால் அது குடிக்காத தண்ணீர்.

அதற்குப் பிறகும் அவர் பகலில் வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஊரே காஞ்சு கெடக்கு. நான் மட்டும் திருடன் மாதிரி குடிக்கணுமா?" என்றார்.

திருடன் மாதிரி.

இந்த இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரமலானிலும் பெண்களுக்குச் சில நாட்கள் நோன்பு கிடையாது. அது குற்றம் அல்ல. மார்க்கமே விலக்கியிருக்கிறது. பின்னால் பிடித்து ஈடு செய்வோம். இருந்தாலும் அந்த நாட்களில் ஒளிந்துதான் குடிப்போம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால். குவளைச் சத்தம் வெளியே கேட்காமல். கல்யாணமாகி ஐந்து ரமலான். அவர் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. அன்றும் எனக்கு அப்படிப்பட்ட நாள்.

அதன் பிறகு அடுக்களைக்குப் போய்க் கூஜாவை எடுத்து வந்தேன். அவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்து ஒரு குவளை முழுக்கக் குடித்தேன். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது.

"ஹாஜரா, என்ன பண்றே?"

"வருஷா வருஷம் பண்றதைத்தான். கதவுக்குப் பின்னால பண்ணுவேன். இன்னைக்கு இங்க."

"இத்தன வருஷமாவா?"

"ஆமா. நீங்க கீழ கடை வாசல்ல எச்சிய முழுங்கிக்கிட்டுப் பெருமையா நிப்பீங்க. நான் மேல திருடி மாதிரி நிப்பேன்."

அவர் சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. இருமி முடித்ததும் கையை நீட்டினார். குவளையைக் கொடுத்தேன்.

அன்று முழுவதும் மாற்றி மாற்றிக் குடித்தோம். விடிந்தபோது மூத்திரம் தெளிந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். அதன் பிறகு ஒரு வேளையும் தப்பவில்லை. காய்ச்சல் இறங்கியது. இறங்கியதும் அவர், "எனக்குப் போதும்லா, மிச்சத்த அண்ணன் மகளுக்கு இருமலுக்குக் குடு" என்றார். கொடுக்க மறுத்தேன்.

நேற்று நண்பகல் என் கணவரின் அண்ணன் மேலே வந்தார். நாங்கள் ஒரே குவளையில் குடித்துக்கொண்டிருந்தோம். "நோன்பு மாசத்துல ரெண்டு பேரும் காப்பிக்கடை போட்டு உக்காந்திருக்கீங்களா? இவதான்டா ஒனக்கு நஞ்சு குடுக்கறா. மூத்திரத்துல ரத்தம் வந்தத நான் பாக்கலியா?" என்று கத்தினார். என் கணவர், "அண்ணே, உக்காருங்க. எனக்கு இப்பத்தான் மூச்சு ஒழுங்கா வருது" என்றார். அவர் உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது. தம்பியை இழந்துவிடுவோமோ என்ற பயம். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் தண்ணீர் குடித்த காரணத்தை மட்டும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை காவலர் வந்து புட்டியை எடுத்துக்கொண்டார். அதனால் இங்கே சொல்கிறேன். என் கணவரின் அண்ணன் இதோ பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தரையைப் பார்க்கிறார்.

இன்னும் இரண்டு நாள் மாத்திரை அந்தப் புட்டியில் இருக்கிறது. நடுவில் நின்றால் காய்ச்சல் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொரு புட்டி இந்த ஊரில் இல்லை. காலையில் என் கணவர் ஒரு முழுக் கிழங்கைத் தின்றுவிட்டு உப்பு போதாது என்று குறை சொன்னார். நான் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கிவிட்டது.

நான் வாயால் சொன்னதே இதில் இருக்கிறது. தாளை வாங்கி நானே வாசித்தேன். கூட்டவும் எடுக்கவும் எதுவும் இல்லை. அத்தனையும் உண்மை.

ஒப்பம்: சித்தி ஹாஜரா
பதிந்தவர்: சப்-இன்ஸ்பெக்டர் சற்குணம்

குறிப்பு: டாக்டர் நாகநாதனிடம் ஆள் அனுப்பிக் கேட்டதில் மருந்து அவர் கொடுத்ததே என்று உறுதியானது. புட்டி திருப்பித் தரப்பட்டது. அதற்கான ஒப்பம் போடும்போது சித்தி ஹாஜரா புகார்தாரரிடம், "பெரிய மச்சான், நீங்க முன்னாடி போயி அடுப்புல தண்ணி வையுங்க" என்றார். அவர் எழுந்து போனார். இவர் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் போனார்.