உறைபெட்டியில் ஒரே ஒரு தட்டு

"ஹலோ, ஸ்ரீமதி... ஆமா, ஆமா, பஸ்லதான் இருக்கேன். செம்மங்குப்பத்துல ஒரே லாரியா நிக்குது... மெதுவா சொல்லு. ஃப்ரீசரு எப்பத்துலேருந்து ஓடல?"

கடலூரிலிருந்து சிதம்பரத்து ஆய்வகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நௌஷீன் இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். ஒரே இன மீன், உப்பனாற்றிலும் வெள்ளாற்றிலும் தலைமுறை தலைமுறையாக எப்படி வேறுபட்டுப்போகிறது என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. மூன்று வருடமாகப் பிடித்த மீன்களின் திசுக்கள் அந்த உறைபெட்டியில்தான் இருந்தன.

"காலையிலேருந்தா... சரி, சரி, ஒன்ன திட்டல. என் டப்பாவ அமுக்கிப் பாரு... கல்லாட்டம் இருக்கா? அல்ஹம்துலில்லாஹ்... இல்ல, ஸ்பிரிட்ல போடக் கூடாது, ஆர்.என்.ஏ. எல்லாம் வீணாயிடும். பாட்டனி டிபார்ட்மெண்ட்ல கேட்டியா, அவுங்க ஃப்ரீசர்ல எடம் இருக்கான்னு... ஒரே தட்டா? ம்... ம். அப்ப என்னுத வச்சுடு. சீக்கிரம்."

மறுமுனையில், ஆய்வகத்திலிருந்த ஸ்ரீமதி நகரவில்லை என்று தெரிந்தது.

"என்ன... செல்வனுதா."

செந்தமிழ்ச்செல்வன் அவர்களோடு ஆய்வு செய்பவன்; அவனுடைய திசுக்களும் அதே உறைபெட்டியில்தான் இருந்தன. அப்பாவின் காரியத்துக்காகக் கீரப்பாளையம் போயிருந்தான்.

"எப்புடி எடுப்பான் போன, இன்னிக்குதான காரியம்... இல்ல, ஆளுக்குப் பாதி வச்சா ரெண்டு பேருக்குமே ஒதவாது. எண்ணிக்கை பத்தாது. என்னுதயே வை. மார்ச்சோட எனக்கு ஃபெல்லோஷிப் முடியுது, ஒனக்குத் தெரியுமில்ல."

பஸ் ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றது.

"அவன் டப்பா மேல என்ன எழுதியிருக்கு, படி... அந்த ஓடையா."

போன புயலில் மண்ணடித்து மூடிப்போன ஓடை. அங்கே இனி வலை வீச முடியாது. அவளுடைய ஆறுகள் அங்கேயேதான் இருக்கின்றன; தை மாதம் மறுபடி இறங்கலாம். அப்படி இறங்கினால் இன்னும் ஒரு வருடம், உதவித்தொகை இல்லாமல்.

"இருக்கேன், இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... ஸ்ரீமதி, அவனுத வை... ஆமா, செல்வனுத. சரியாத்தான் கேட்டுது ஒனக்கு... என்னுது போவட்டும், திரும்பப் புடிச்சுக்குறேன்... கைடு சார்ட்ட நான் பேசிக்குறேன்... ஏய், கேள்வி கேக்காத. நான் மனசு மாறுறதுக்குள்ள தூக்கிட்டு ஓடு."

ஸ்ரீமதி பேசிக்கொண்டிருக்கும்போதே நௌஷீன் அழைப்பைத் துண்டித்தாள். மறுபடி கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்கப் போனையே அணைத்துவிட்டாள்.