பச்சைக்கோடு இல்லாத சிங்கம்

— சிங்கத்தப் பத்தி எனக்கு ஒரு வழக்கும் இல்ல மச்சான். நான் கேக்கிறது ஒண்டுதான். பச்சைக்கோடு எங்க?

— ஜேர்சியில கோடு இல்ல மச்சான். எத்தின தரம் செல்ற? முழுக்க அரக்குச் சிவப்பு, நெஞ்சில வாளோட ஒரு மஞ்சள் சிங்கம். அவ்வளவுதான்.

— அப்ப அது நாட்டுட கொடியில்ல, கொடியில முக்காவாசி.

— உடுப்புத்தானே, கொடியா எண்டு கொழும்பில கேக்கிறாங்க. பந்தடிக்கப் போறவனுக்கு நெஞ்சில என்ன கிடந்தா என்னவாம்.

— கொழும்பில கேப்பாங்க. றஸாக், நீ சாய்ந்தமருதுக்குள்ள நிண்டுக்கிட்டு அதக் கேக்காத. ஜும்ஆ முடிஞ்ச கையோட பள்ளி வாசல்ல என்னப் புடிச்சு வெச்சிட்டாங்க. "மீராமுகைதீன், நீ இந்தக் குடிக்குத் தலைவர், மரைக்கார். உன்ட தங்கச்சிட மாப்பிள நாட்டுக்கே கோல் கீப்பர். டாக்காவுக்கு ஆடப் போறான், ஊருக்கே பெரும. ஆனா அந்த உடுப்புல நம்மள வெட்டி எறிஞ்சிரிக்காங்களே, அதுக்கு என்ன செல்றாய்?" எண்டு கேட்டாங்க. வெள்ளாமைக்குள்ள யானை வந்தாலும் தனிய நிண்டு வெடி கொளுத்துறவன் நான். அந்த இடத்துல செருப்பையும் விட்டுப் போட்டு இஞ்ச ஓடி வந்திட்டன்.

— காக்கா, தேத்தண்ணி ஆறுது. குடிச்சுப் போட்டு அவரோட சண்டையப் புடிங்க.

— சண்டையில்ல தங்கச்சி சுல்பிகா. உன்ட மாப்பிளைக்குச் சரித்திரம் செல்லிக் குடுக்கிறன்.

— அவருக்கு மட்டுமா, எனக்கே பாடம். இந்த வீட்டுக்கு வந்தா நீங்க வேற என்ன கதைச்சிரிக்கீங்க?

— பாடமெண்டாச் செல்லு பாப்பம்.

— பறங்கி அந்த மேற்குக் கரையில நம்மட ஆக்கள அடிச்சுக் கலைச்சான். கண்டி ராசா கூப்பிட்டு இந்தக் கரையில குடியேத்தினார். அந்த ராசாட கொடியிலயும் சிங்கந்தான். சரியா?

— சரி. அதனாலதான் சிங்கத்தோட வழக்கில்ல எண்டன். நமக்கு நிழல் தந்த கொடி அது. மறுகா சுதந்திரம் வந்த நேரம் புதுசாக் கொடி செஞ்சாங்க. நாங்களும் இந்த மண்ணுதான், எங்களுக்கும் இடம் வை எண்டாங்க. பச்சை நமக்கு, செம்மஞ்சளாத் தோடம்பழக் கலர் தமிழாக்களுக்கு எண்டு ரெண்டு கோடு வந்துது. கெஞ்சி வாங்கினதில்ல மச்சான், உரிமையாக் கேட்டு வாங்கினது. அத ஒருத்தன் கத்திரிக்கோலால வெட்டிப் போட்டு, இதான் நாட்டுட உடுப்பு எண்டா நான் ஓம் எண்டு தலையாட்டுறதா?

— வேணுமெண்டு வெட்டினதாத் தெரியல்ல மச்சான். கோடு போட்டா வடிவில்லையாம். டீமுக்குப் பொறுப்பானவர் அப்பிடித்தான் சென்னார்.

— வடிவில்லையாம். கேட்டியா சுல்பிகா, நாம வடிவில்லையாம்.

— கோடு வடிவில்ல எண்டவர். நம்மள இல்ல.

— ரெண்டும் ஒண்டுதான். வேணுமெண்டு செஞ்சிருந்தாச் சண்டையாவது புடிக்கலாம். நாம இரிக்கிறதே அவனுக்கு ஞாபகத்துல வரல்ல எண்டா, அதுக்கு என்ன செய்யிற? நீ ஒரு வார்த்தை கேட்டியா?

— கேட்டன். அடுத்த முறை பாப்பம் எண்டாங்க.

— அடுத்த முறை. காரைதீவுச் சிவபாதம் அடுத்த முறைக்குக் காத்துக்கிட்டு நிண்டவனா? உன்னோட சேந்து டீமுக்கு எடுபட்ட தமிழ்ப் பொடியன். உனக்கு முன்னால நிண்டு மறிக்கிறவன். ஜேர்சியக் கையில குடுத்த உடன, "கோட்டையும் வெச்சுத் தைச்சிட்டுக் கூப்பிடுங்க" எண்டு மேசையில வெச்சிட்டு வந்திட்டான். இப்ப காரைதீவார் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கிறாங்க. மாவடிப்பள்ளி வட்டைக்கு வயல் பாக்க நான் அவங்கட ஊரத் தாண்டித்தான் போகணும். முகத்த எங்க கொண்டு வெக்கிற?

— அவன நான் மறிச்சன் மச்சான். கையப் புடிச்சு மறிச்சன். கேக்கல்ல. சூறாவளியில விழுந்த தென்னையெல்லாம் அவனும் நானும் இழுத்துப் போட்டுத்தான் நமக்கு அந்தக் கிறவுண்டே வந்துது. அவன் முதுகப் பாத்துக்கிட்டு நிக்காம நான் ஒரு பந்தும் புடிச்சதில்ல.

— அப்ப அவனப் போல நீயும் செய். வர ஏலா எண்டு தந்தி அடி.

— காக்கா, அந்தக் கதைய விடுங்க. சிவபாதமும் இல்ல, இவரும் இல்ல எண்டா, இந்தக் கரையில இருந்து அங்க ஆரு? கோடுதான் இல்ல, ஆளும் இல்லாமப் போறதா? போன கிழமை றேடியோவில இவர்ட பேரச் செல்லக்குள்ள எனக்கு நெஞ்சு வெடிக்கப் பாத்துது. அடுப்புல சோறு அடிப்புடிச்சதும் தெரியல்ல. அத என்னட்ட இருந்து பறிக்காதீங்க.

— புள்ள, இது ஊர் விசயம். நீ பேசாம இரி.

— ஊர் விசயமெண்டாப் பள்ளியில கதைங்க. இது என்ட வீடு. வாப்பா என்ட பேருக்கு எழுதித் தந்தது. குடியும் பொம்புளையாலதான் வருது காக்கா. நீங்க மரைக்காரா நிமிந்து நிக்கிறதும் நம்மட உம்மாட குடிக்குத்தான். வாசல்ல பொம்புளைகள் குரவை போட வந்து நிக்கிறாங்க. இவர வழியனுப்புறதா இல்லையா எண்டு நாந்தான் செல்லணும்.

— இவள் வாயத் துறந்தா நான் சலாம் குடுத்திட்டுப் போக வேண்டியதுதான். மச்சான், நீயே செல்லு. போறியா இல்லையா?

— போறன்.

— அந்தச் சிங்கத்த மட்டும் போட்டுக்கிட்டு?

— நான் அந்த ஜேர்சியப் போடல்ல.

— விளங்கல்ல.

— கோல் கீப்பருக்கு அது இல்ல மச்சான். கீப்பர் மத்த ஆக்களோட சேராத நிறந்தான் போடணும். உலகம் முழுக்க அதான் சட்டம். உனக்கு என்ன நிறம் வேணும் எண்டு கேட்டாங்க. செல்லிட்டன். தைச்சும் தந்திட்டாங்க. உள்ளுக்குப் பேக்ல இரிக்கு.

— அல்லாட காவல். இத ஏன்டா முதல்லயே செல்லல்ல?

— நீங்க எங்க மச்சான் விட்டீங்க? வந்து குந்தினதுல இருந்து பச்சைக்கோடு, பச்சைக்கோடு எண்டு.

— கொடியில கம்பத்தோட ஒட்டி முதல்ல நிக்கிறது எது? பச்சை. கிறவுண்ட்ல கம்பத்துக்குப் பக்கத்துல நிக்கிறது ஆரு? கீப்பர். டீம் முழுக்கத்துக்கும் காவல் நம்மட நிறம். எப்பிடி இரிக்கு? சுல்பிகா, ஜன்னலத் துற. இஞ்சே, எல்லாரும் கேளுங்க. றஸாக் டாக்காவுக்குப் போறான். பச்சை போட்டுக்கிட்டுப் போறான். அவங்க ஒரு கோட்டை வெட்டினாங்க, அல்லாஹ் நமக்கு முழுச் சட்டையாத் தந்திட்டான். மரைக்கார் செல்றன், பொம்புளைகள் குரவையப் போடுங்க. கல்முனை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஊர்வலம் போறம்.

— காக்கா, கொஞ்சம் பொறுங்க.

— இனி என்னத்தப் பொறுக்கிற?

— பேக்கத் துறந்து பாத்தன். இது பச்சையில்ல.

— பச்சையில்லாம?

— தோடம்பழக் கலர். மேல இருந்து கீழ வரைக்கும்.

— மாறித் தந்திட்டானா மச்சான்?

— மாறல்ல. நான் கேட்ட நிறம் அதான்.

— நான் ஊருக்கே பச்சை எண்டு கத்திப் போட்டனே.

— என்னட்டக் கேட்டுப் போட்டுக் கத்தியிருக்கலாம்.

— பகிடி விடாத. நம்மட நிறம் கைக்கு வந்திரிக்கு. அத விட்டுப் போட்டு அவங்கட நிறத்த ஏன் கேட்ட?

— நான் இறங்கக்குள்ள ஒலிபெருக்கியில அப்துல் றஸாக் எண்டு கூப்பிடுவாங்க. அதுக்குப் பிறகு பச்சை எங்க எண்டு ஆரும் தேட மாட்டாங்க மச்சான். அது என்ட பேர்லயே இரிக்கு. சிவபாதம் நிக்கிற இடத்துல வேற ஒருத்தன் நிப்பான். தோடம்பழக் கலருக்குத்தான் அங்க ஆளில்ல.

— காக்கா, கேக்குதா? வெளியில குரவை தொடங்கிட்டு. நிப்பாட்டச் செல்றதா?

— நிப்பாட்டாத. ஊருக்கு நான் செல்லிக்கிறன், ஏசுறவங்க என்னையே ஏசட்டும். ஊர்வலம் கல்முனைக்குப் போகாது. காரைதீவுச் சந்தியில பஸ்ஸ மறிச்சு ஏத்துவம். சிவபாதத்துட தாயும் இவனுக்குக் குரவை போடட்டும்.