பத்தொன்பது சீட்டு

எண்பதுகளின் கடைசி. ஆத்தூர் வரை தூங்கலாம் என்றுதான் சூரமங்கலத்தில் பஸ் ஏறினேன். முன் இருக்கை இளைஞர் தூங்க விடவில்லை. பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரிடம் அவர் சொன்னார்:

“எப்பவோ நான் செத்திருக்கோணுமுங்க. நீங்கதான் பொழைக்க வெச்சுட்டீங்க.”

கேட்கக் கேட்கத்தான் விளையாட்டு என்று புரிந்தது. ஞாயிறுதோறும் தன் வீட்டில் கண்ணாடிக்காரர் கதை சொல்வாராம்; இளைஞர் அதில் வாள்வீரனாக வருவாராம். ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகள் ஒரு பவுடர் டப்பாவில் இருக்கும். குலுக்கி எடுத்ததில் ஒன்று வந்தால் வீரனுக்குச் சாவு.

“ஒண்ணு வரலைங்களே, அப்புறம் எப்படிச் சாவீங்க?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ரெண்டு மாசமா வரலைங்க. நேத்து நீங்க காப்பி எடுக்க உள்ள போனப்ப எண்ணிப் பார்த்தேன். பத்தொம்பது சீட்டுத்தான் இருக்குது. ஒண்ணாம் நம்பரைக் காணோமுங்க.”

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கதை நல்லாப் போய்க்கிட்டு இருக்குது. ஒரு சீட்டுக்காக அதைக் கெடுக்கோணுமுங்களா?”

“கதை ஒண்ணும் கெடாதுங்க. சாவே இல்லீன்னா அவன் என்னங்க வீரன்? அந்தச் சீட்டைத் திருப்பிப் போடுங்க.”

“போட்டு, நீங்க செத்துட்டா?”

“வீரன்தானுங்களே சாவான்! ஞாயித்துக்கிழமையானா நான் எப்பவும்போல வருவனுங்க.”

அயோத்தியாப்பட்டணத்தில் இளைஞர் இறங்க எழுந்தார். கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நீங்களே வந்து போடுங்க. இதுக்கு முன்னாடி கதையில செத்த மூணு பேரும் ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டுத்தானுங்க போனாங்க.”