நாற்பதாம் எண் மான்

"ஹலோ... ஹலோ... டெஸ்மண்ட் தம்பிதானே? பிராணி நலச் சான்று ஆபீசு?... நான் ரோனா. வின்டன் பக்கம் மான் பண்ணை... ஆமா, ஆமா, திங்கக்கிழமை வந்து ஆறு ஸ்கோன் ரொட்டி சாப்பிட்டுட்டு அறிக்கை எழுதினீங்களே, அந்த ரோனாதான்."

அந்தத் தென்கோடி நாட்டில் குளிர் விட்டும் விடாத செப்டம்பர் காலை. கொட்டகை வாசலில் நின்ற ரோனா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். குரலில் தேன் சொட்டியது. அவளைத் தெரிந்தவர்கள் அந்தத் தேனுக்குத்தான் பயப்படுவார்கள்.

"நல்லா இல்லப்பா. நீங்க என்ன எழுதினீங்க? 'பக்கத்துல வேற இனப் பிராணி இருக்கு, மானுக்கு மன உளைச்சல்'னு... ஆமா, என் கிழட்டுப் பசு, மர்டில்... சரிப்பா, வேற இனந்தான், மானுக்கு அத்தை மகள்னா நான் சொன்னேன்?... கேளுங்க. நீங்க சொன்னபடி அன்னிக்கே அத மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். அன்னியிலேருந்து நாப்பது மானும் தீனியத் தொடல. சுவத்துல போய் முட்டுது. நேத்து ஒண்ணு கழுத்தொடிஞ்சு செத்தே போச்சு!... சாரியா? அத மான்கிட்டச் சொல்லுங்க."

வாசலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"தாய்கிட்டேருந்து பிரிச்ச நாள்லேருந்து அதுங்க மர்டிலப் பாத்துத்தான் வளந்துச்சு. அது படுத்தா படுக்கும், அது தின்னா திங்கும்... சொல்லலியா? சொன்னேனே! வாய் நிறைய ஸ்கோன வெச்சுக்கிட்டு 'ம், ம்'னீங்க."

பிறகு பொறுமையாகக் கேட்டாள். அதாவது, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"மேல்முறையீடா? எவ்வளவு நாளாகும்?... ஆறு வாரமா! அதுக்குள்ள மிச்சம் முப்பத்தொம்பதும் போய்ச் சேந்துரும் தம்பி... சரி, உண்மையச் சொல்லிடறேன். காலையில மர்டிலத் திரும்பக் கூட்டியாந்துட்டேன். இப்ப எல்லாம் சாதுவா அசைபோடுது... அப்ப சான்று கிடையாதா? சான்று இல்லாட்டி என் மான ஒருத்தனும் வாங்கமாட்டானே!... மான் நிம்மதியா இருந்தாலுமா?... ஓ. படிவத்துல நிம்மதிக்குக் கட்டம் இல்ல. 'வேற இனம் எத்தனை'ன்னு மட்டுந்தான் இருக்கு. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்... என்ன? என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க... காதுல மானோட நம்பர் வில்லை இருந்தா கம்ப்யூட்டருக்கு அது மானா?... செத்ததோட வில்லை என் பையிலதான் இருக்கு. நாப்பதாம் நம்பர்... நீங்களா சொல்றீங்க? தம்பி, உங்கம்மா உங்களத் தங்கமா வளத்திருக்காங்க!"

வில்லையை இடுக்கியில் பொருத்தி மர்டிலின் காதில் வைத்து ஒரே அழுத்து. பசு தலையை ஒருமுறை உதறியது. அவ்வளவுதான், பதினாலு வயது மாடு பத்து மாத மானாகிவிட்டது.

"மாட்டியாச்சு... எடையா? ஐநூறு கிலோ... கொஞ்சம் சதைப்பிடிப்பான மான், அதுக்கென்ன இப்ப?... ஆமா, பொட்டைன்னு போடுங்க... வேற இனம் சைபர். ஆமா, ஆமா. ஏறிடுச்சா?... முதல் தரச் சான்றா! அப்பாடி, வயித்துல பால வாத்தீங்க... லாரியா? வியாழக்கிழமை, தெரியும், கறிக்கு எப்பவும் வர்றதுதானே... முப்பத்தொம்... நாப்பதா?... நாப்பதையும் எண்ணித்தான் ஏத்துவாங்களா?"

தேன் வற்றிவிட்டது. மான்களை அவள் வருடா வருடம் அனுப்புகிறவள்தான், அதற்கெல்லாம் ஒருநாளும் அழுததில்லை. ஆனால் மர்டில் லாரி ஏறுவதா? பசுவின் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது... முடியாதுங்கறேன்! என் புள்ளைங்க ரெண்டும் அது பாலக் குடிச்சு வளந்ததுங்க!... நாந்தான் சரின்னேன், இல்லேங்கல. அழிங்க அந்த நம்பர... ஏன் முடியாது?... செத்தாத்தான் அழியுமா?... இருங்க... இருங்க... சரி, செத்துப்போச்சு. எழுதுங்க... எப்பவா? நேத்து. கழுத்தொடிஞ்சு... இதுல என்ன பொய்? நாப்பதாம் நம்பர் மான் நேத்துத்தானே செத்துச்சு?... ஆமா... ஆமா... இங்க நிக்கிறதா? செத்தது எங்கயாவது நிக்குமா தம்பி? கணக்குலயே இல்லாதது வேற இனமா எப்படி வரும்?... ம், அப்படி வாங்க வழிக்கு. சான்றுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?... அதான் வேணும்... இன்னும் என்ன கட்டம்?... மன உளைச்சலா?... கம்ப்யூட்டர் தானாவே போட்டுருச்சா? என்னன்னு?... 'இல்லை'ன்னா? செத்துப்போனா மன உளைச்சல் 'இல்லை'யா?... அது சரி. உங்க ஆபீசுக்குப் பிடிச்ச மான் அதுதான் போலிருக்கு. வையுங்க போன!"

அவர் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். கொட்டகைக்குள் முப்பத்தொன்பது மான்களும், செத்துப்போன மர்டில் எங்கே போகிறது என்று பார்த்து, அது படுத்த இடத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. வியாழக்கிழமை வரை அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை.