வள்ளத்தின் நீலம்

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் இரவு நின்ற ரயில் காலையில் மேடைக்கு வந்தபோது, அதன் மூன்றாம் பெட்டி முழுவதும் யாரோ நீலப் பெயின்டால் ஒரு பெரிய மீனை வரைந்திருந்தார்கள். ஆட்கள் கைபேசிகளோடு அதைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அரசாங்கச் சொத்தை நாசமாக்கியிருக்கிறாங்கள். பொலிஸிலை குடுக்கவேணும்," என்றார் குடையோடு நின்ற பெரியவர்.

"என்ன வடிவாய்க் கீறியிருக்கு! உதைப் போய் நாசமெண்டுறியளே?" என்றாள் படமெடுத்த பெண்.

எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவன் குனிந்து மனைவியின் காதில் சொன்னார்: "அது எங்கடை வள்ளத்துக்கு அடிச்ச நீலமப்பா."

"விசர்க்கதை கதையாதேங்கோ. நீலமெண்டால் எல்லாம் நீலந்தானே?"

"மிஞ்சின பச்சையை அதுக்குள்ளை ஊத்திக் கலந்தது நானெல்லோ! குருநகரிலை வேறை ஆரின்ரை வள்ளத்திலை உந்த நிறம் இருக்கு?"

அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப பிள்ளை ராத்திரி ரியூசனுக்கு எண்டு போனது..."

"மெல்லக் கதை. நாளைக்கே வள்ளத்துக்கு வெள்ளை அடிக்கிறன்."

"வெள்ளை அடிச்சால், கரையிலை நிக்கிற நான் எதைப் பாத்து நீங்கள் கடலாலை வாறியள் எண்டு அறியிறது?"

அவர் நேரே போய், மீனின் வாலில் முதுகு படும்படி நின்றுகொண்டார்.

"ஐயா, கொஞ்சம் விலகுங்கோ. வால் மறையுது," என்றாள் படமெடுத்தவள்.

அவர் அசையவில்லை. மனைவி போய் அவர் கையைப் பிடித்தாள்.

"வாங்கோப்பா. முழு மீனையும் உங்களாலை மறைக்கேலாது."